முழங்கை இரண்டும் ஒரு தோல்வாரும்

கண்டி இராச்சியத்துப் போர்க்கருவிகளுள் கொடிதுவக்கு என்பது ஒன்று. முன்புறம் அதற்கு இரு மரக்கால்கள். பின்புறம் நீண்டு செல்லும் வால் போன்ற கட்டையொன்று மூன்றாவது காலாக நிலத்தில் ஊன்றி நிற்கும். அதன் தோற்றத்தைக் கண்ட ஐரோப்பியர் அதற்கு வெட்டுக்கிளித் துவக்கு என்று பெயரிட்டனர். சிங்கள மக்களிடையே கொடிதுவக்கு என்பது இன்றும் குடும்பப் பெயராக வழங்குவதை வாசகர்கள் அறிவார்கள். துவக்கு என்ற சொல்லோ அவர்களுக்கும் நமக்கும் பொதுவானது. அக்கருவியைச் சுட்டவனின் கை நடுங்கினாலும் குறி நடுங்குவதில்லை. பாரத்தைத் தாங்கியவை கட்டைக் கால்கள் அல்லவா?

விளையாட்டாகத் துவக்குச் சுடுவோருக்கு இன்று அத்தகைய கால்கள் மறுக்கப்பட்டுள்ளன. குப்புறப் படுத்துக்கொண்டு சுடும் போட்டியிலே மனிதனின் முழங்கைகளே கால்கள். எனினும் அம்முழங்கைகளுக்கு எவ்வளவு துணை தரலாம், எந்தத் துணை நேர்மையானது, எது வஞ்சகம் என்பதைப் பற்றி மில்லிமீற்றர்க் கணக்கில் விதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. வெறும் துணியையும் தோலையும் பற்றிய சில்லறைச் சட்டங்கள் என்று இவற்றை ஒதுக்கிவிடுவதற்கில்லை. எம் ஊரில் இவ்விளையாட்டிலே ஈடுபட விரும்பும் பிள்ளைகளின் வெற்றி தோல்வியும், அவர்தம் பெற்றோரின் பணப்பையும் இவற்றோடு பிணைந்து கிடக்கின்றன.

முதலில் விளையாட்டின் தன்மையைச் சிறிது காண்போம். படுத்துச் சுடும் போட்டியில் 5.6 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு குண்டு பயன்படுகிறது. இலக்கு 50 மீற்றருக்கு அப்பால் உள்ளது. பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர்; சுண்டுவிரல் நகத்தின் அகலம் என்று கொள்ளலாம். றைபிள் ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமுடையது என வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். தோளிலே பொருந்திய பிடங்கு அசையாதிருக்க, குழலின் வாய் மட்டும் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு விலகினால் இலக்கில் அது ஐந்து மில்லிமீற்றராகப் பெருகிவிடும்! அதாவது வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரை. தலைமயிரொன்றின் பருமனளவு அசைவு செய்யும் வேலை இது. இத்தகைய குண்டுகள் அறுபதைச் சுடவேண்டும்.

தசைகளை இறுக்கி இவ்வசைவை அடக்கிவிட எவராலும் இயலாது. இறுகிய தசை விரைவிற் களைத்துத் துடிக்கத் தொடங்கிவிடும். எலும்பு களைப்பதில்லை. ஆதலால் றைபிளின் பாரம் முழுவதையும் முன்கை எலும்பின் மீது ஏற்றி, தசைகளைத் தளரவிடுவதே இக்கலையின் இரகசியம். இதற்கு உதவுவதுதான் தோல்வார். இடது மேற்கையில் ஒரு வளையமாக இறுகி, அங்கிருந்து றைபிளின் முன்பகுதிக்குச் சென்று மாட்டிக்கொள்ளும் அவ்வார், மேற்கை, முன்கை, வார் ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணமாக்கிவிடுகிறது. முக்கோணத்தின் உறுதியைக் கேத்திரகணிதம் பயின்ற பிள்ளைகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் விதி வாருக்கு இடமளிக்கிறது. ஆனால் அதன் அகலம் 40 மில்லிமீற்றரைத் தாண்டலாகாது. றைபிளைத் தாங்கக்கூடியவை இரு கைகளும் ஒரு தோளுமே; கன்னத்தைப் பிடங்கின்மேற் சாய்த்துக்கொள்ளலாம். முழங்கைக்கு முன்னுள்ள பகுதி முழுவதும், சட்டைக்கையோடு சேர்த்து, நிலத்தினின்று நடுவர் கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்திருக்க வேண்டும். இடது முன்கை கிடைத்தளத்தோடு அமைக்கும் கோணம் 30 பாகைக்குக் குறையக்கூடாது. ஏனெனில் கை தாழத் தாழ அது தாங்கும் கை என்ற நிலை மாறி, நிலத்திற் கிடக்கும் கட்டையாகிவிடும். கையுறைக்கும் அளவுண்டு: உள்ளங்கையும் புறங்கையும் சேர்த்து 12 மில்லிமீற்றர்த் தடிப்பு, மணிக்கட்டுக்கு அப்பால் 50 மில்லிமீற்றருக்கு மேல் நீளக்கூடாது. நீண்டால் அது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும் பட்டையாக மாறிவிடுமன்றோ?

பண்டைய வில்லாளர் நாணின் அடியிலிருந்து கையைக் காக்க ஒரு தோலுறை அணிந்தனர். கோதை என்று அதற்குப் பெயர். காப்பது வேறு, தாங்குவது வேறு என்னும் நுண்ணிய பேதம் அன்றே உண்டென்பதற்காக அதனை இங்கு நினைவூட்டினோம். இக்காலச் சம்மேளனம் தனது விதிகளெல்லாவற்றிலும் தேடிக்கொண்டிருப்பது இந்தக் கோட்டைத்தான்.

வேடிக்கையான செய்தியொன்று. ஆங்கில தேசத்துத் தேசிய றைபிள் சங்கத்தின் முதலாவது போட்டிக்கூட்டம் 1860ஆம் ஆண்டு யூலை 2ஆந் திகதி விம்பிள்டனில் ஆரம்பமாயிற்று. முதற் குண்டைச் சுட்டவர் விக்டோரியா மகாராணியார். றைபிளை ஓர் இரும்புத் தாங்கியிலே பூட்டி, முன்கூட்டியே குறியும் பார்த்து வைத்துவிட்டார்கள். மகாராணியார் பட்டுக்கயிற்றை இழுத்தார். குண்டு நடுவட்டத்தில் தைத்தது. பிற்காலத்தில் எந்தத் துணையை வீரர்களுக்கு மறுத்தார்களோ, அத்துணையின் பூரண வடிவத்தோடுதான் அவ்விழா தொடங்கியது!

அந்த ஆங்கிலேயப் பழக்கம் எம் மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்தது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 1900ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை அமைக்கப்பட்டது. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியர்கள் மட்டுமே அதிற் சேரலாம். 1914இல் அதன் ஒரு பிரிவு எகிப்துக்குக் கப்பலேறியது. 1949இல் படை கலைக்கப்பட்டது. அத்துரைமாரின் தோட்டங்களிலே கொழுந்து கொய்த எம்மவரின் கைகளுக்கும் றைபிளுக்கும் அக்காலத்தில் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை என்பதைச் சொல்லாமற் போவதற்கில்லை.

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் விழாவிலே, இலங்கையின் சார்பில் 50 மீற்றர் படுத்துச் சுடும் போட்டியிற் கலந்துகொண்டவர் தயா ராஜசிங்க நடராஜசிங்கம். அவ்வாண்டுதான் சிலோன் என்ற பெயர் நீங்கி ஸ்ரீலங்கா என்ற பெயர் வந்தது. போட்டியில் வென்றவர் வடகொரியாவின் ரி ஹோ யுன். 600க்கு 599 புள்ளிகள். அதே மியூனிக் நகரத்துச் சுடுதளத்திலே, 2010ஆம் ஆண்டு உலகப் போட்டியில், இந்தியாவின் கோலாப்பூரைச் சேர்ந்த தேஜஸ்வினி சாவந்த் என்ற மங்கை படுத்துச் சுடும் போட்டியில் 597 புள்ளிகள் பெற்று உலக வெற்றியாளரானார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கிலோ பெலருஸ் நாட்டு சேர்ஜி மார்ட்டினோவ் 600க்கு 600 எடுத்துவிட்டார்! அடுத்த ஆண்டிலிருந்து தசமப் புள்ளிகளைக் கணக்கிடத் தொடங்கினார்கள். நடுவின் நடுவிலே தைத்தால் 10.9. வெற்றி இவ்வளவு நுண்மையாகிவிட்ட பிறகு, சட்டைத்துணியின் தடிப்பும் புள்ளியாக மாறத்தானே செய்யும்?

எனவே மேலங்கிக்கு வருவோம். சச்சரவெல்லாம் இதில்தான். படுத்திருப்பவரின் முழங்கை கரடான தரையில் நெடுநேரம் அழுந்துகிறது. வார் மேற்கையை நெரிக்கிறது. மேற்கையின் நாடித்துடிப்பு வார் வழியாகவே றைபிளுக்கு ஏறிக் குறியை ஆட்டுகிறது. இவற்றைத் தணிக்கத் தடித்த கன்வஸ் துணியாலும் தோலாலும் அங்கி தைத்தார்கள். அதுவரை குற்றமில்லை. ஆனால் தடிப்பு ஏறியது, விறைப்பும் ஏறியது. அணிந்தவரின் முதுகைத் தானே நிமிர்த்திப் பிடிக்கும் கூடாக அங்கி மாறியது. அப்பொழுது சுடுபவர் மனிதரா, அங்கியா என்ற கேள்வி எழுந்தது.

சம்மேளனம் கூறிய விடை இது. அங்கியின் துணி, உள்விரி உட்பட, ஒற்றையாக 2.5 மில்லிமீற்றருக்கு மேற் தடிக்கக்கூடாது. முழங்கை, தோள் ஆகிய இடங்களிற் பதிக்கும் மெத்தைக்கு 10 மில்லிமீற்றர் வரை சலுகை உண்டு. வார் வழுக்காதிருக்க ஒரேயொரு கொக்கியோ பொத்தானோ போதும். முதுகைத் தாங்கும் பட்டிகள், கயிறுகள், ஒட்டும் பொருள்கள் ஆகாது. விறைப்பை அளக்கவும் கருவி உண்டு: துணியை ஓர் உருளையின் வாயில் வைத்து, ஒரு கிலோகிராம் பாரத்தால் அழுத்துவார்கள், துணி குறைந்தது 3 மில்லிமீற்றராவது உள்ளே தாழவேண்டும். தாழாவிடில் அங்கி தள்ளுபடி. அங்கி உடம்பில் இறுகவும் கூடாது. பொத்தானிட்ட நிலைக்கு அப்பால் இன்னும் 70 மில்லிமீற்றர் மடிந்து செல்லும் அளவுக்குத் தளர்ந்திருக்க வேண்டும். போட்டி முடிந்த பின்னரும் திடீர்ச் சோதனை நடக்கும். அதில் தவறினால் எடுத்த புள்ளிகள் எவ்வளவாயினும் தகுதி நீக்கமே.

இங்கேதான் எம் ஊரின் தட்பவெப்பம் குறுக்கே வருகிறது. துணியின் விறைப்பு குளிருக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறக்கூடியது. மார்கழி, தை மாதத்துப் பனிமூட்டத்திலே கண்டியில் அளந்த அங்கி, கொழும்பின் புழுக்கத்திலோ குளிரூட்டிய மண்டபத்திலோ அதே அளவைக் காட்டுமென்று உறுதி கூற இயலாது. மாற்றத்துக்கெல்லாம் ஈடுகொடுக்கும்படி அங்கியை வைத்திருப்பது வீரரின் பொறுப்பே என்கிறது சம்மேளனம். எல்லைக்கோட்டிலேயே நிற்கும் அங்கியை வாங்குபவர் வானிலையோடு சூதாடுகிறார்.

எமக்குத் தெரிந்த மாணவியொருத்தியின் கதை இது. பாடசாலையின் பெயர் வேண்டாம். அங்கே மூத்த மாணவி ஒருத்தி விட்டுச்சென்ற பழைய அங்கி ஒன்றே அடுத்தடுத்து வந்தவர்களுக்கெல்லாம் பயன்பட்டது. பதினைந்து வயதில் இவளுக்கு அது தளர்ந்து தொங்கிற்று. பதினேழு வயதில் பொத்தானே சிரமப்பட்டுத்தான் பொருந்திற்று. பரிசோதனை மேசையிலே அளவுநாடாவை வைத்தார்கள். 70 மில்லிமீற்றர் இல்லை. வெறும் கம்பளிச் சட்டையோடு சுட்டாள், பின்வரிசையில் நின்றாள். பரிசோதகர் செய்தது பிழையென்று நாம் கூறமாட்டோம். விதி விதிதான். ஆயினும் அவ்விதி யாருக்காக எழுதப்பட்டது என்று அப்பெண்ணின் தகப்பனார் எம்மைக் கேட்டபோது நாம் சற்று யோசிக்க வேண்டியிருந்தது.

தடிப்பையும் விறைப்பையும் மட்டுப்படுத்தியது செல்வந்தரின் கையைக் கட்டுவதற்கே என்பதில் ஐயமில்லை. எவ்வளவு பணம் கொடுத்தாலும் 2.5 மில்லிமீற்றருக்கு மேல் வாங்க முடியாது. மெச்சத்தக்க ஏற்பாடுதான். ஆனால் விதி உச்சவரம்பை மட்டுமே வகுத்தது. அடிவரம்பை எவரும் வகுக்கவில்லை. பிறநாட்டிலிருந்து தருவிக்கும் அங்கியின் விலை இங்கே ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்குள் அடங்குவதில்லை. ஒருத்தி முழு 2.5 மில்லிமீற்றரோடும் படுத்திருக்க, அடுத்தவள் கம்பளிச் சட்டையோடு படுத்திருப்பாள். இருவரும் விதிக்கு உட்பட்டவர்களே.

அங்கியையே ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்போரும் உளர். நின்று சுடும் போட்டியைப் பொறுத்தவரை அதில் நியாயம் இருக்கக்கூடும். படுத்துச் சுடுபவருக்கு அது கொடுமை; முழங்கைத் தோல் உரிந்துபோகும், வார் நரம்பை நெரிக்கும். மெத்தை வைத்த முழங்கையும், வார் தங்கும் ஒரு கொக்கியும் உள்ள சாதாரணத் துணிச்சட்டை ஒன்றை எல்லோருக்கும் பொதுவாக்கலாம் என்பது எமது கருத்து. அதனைத் தைக்கக் கண்டித் தையற்காரரே போதும்.

உடம்பிலே நேரடியாக ஒட்டிக்கொள்ளும் மருத்துவப் பட்டிகளும் பயிற்சியிலும் போட்டியிலும் தடுக்கப்பட்டுள்ளன. சுளுக்குக்கு ஒட்டிய பட்டி கையை அசையாமற் பிடிக்கும் பட்டியாகவும் ஆகலாம் என்ற அச்சமே காரணம். ஆனால் மாற்றுத்திறனாளிகளின் போட்டியில் நிலைமை வேறு. றைபிளின் பாரத்தைத் தம் கைகளால் தாங்க இயலாத பிரிவினருக்கு, சுருள்வில் பொருத்திய தாங்கியொன்று சட்டப்படி வழங்கப்படுகிறது. அச்சுருள்வில் எவ்வளவு நெகிழவேண்டும் என்பதற்கும் அளவுண்டு. பாரத்தைத் தாங்கலாம், குறியைப் பூட்டிவைக்கக்கூடாது. போரிலே அவயவங்களை இழந்தோர் பலரைக் கொண்ட எமது நாட்டில் இப்பிரிவை இன்னும் பலர் அறிந்திருக்க வேண்டும்.

2016 றியோ ஒலிம்பிக்கோடு ஆண்களுக்கான படுத்துச் சுடும் தனிப்போட்டி ஒலிம்பிக் நிரலினின்று நீக்கப்பட்டது. முழந்தாளிட்டும், படுத்தும், நின்றும் நிலைக்கு இருபதாக அறுபது குண்டு சுடும் மூன்று நிலைப் போட்டியில் அது இன்னும் ஓர் அங்கமாக வாழ்கிறது. மேலங்கி விதிகளோ எமது பாடசாலைப் பிள்ளைகள் பழகும் 10 மீற்றர் வளித்துப்பாக்கிப் போட்டிக்கும் பொருந்துவன. வார் மட்டும் அங்கே இல்லை.

ஆகவே இவ்வாண்டு அங்கி வாங்கப்போகும் பெற்றோர் கடையிலேயே பிள்ளைக்கு அணிவித்துப் பொத்தானிட்டு, அதற்கு அப்பால் ஒரு சாண் இல்லாவிடினும் அரைச்சாணாவது மடிகின்றதா என்று பார்ப்பது நலம். வளரும் பிள்ளையானால் இன்னும் சற்றுத் தாராளமாக இருக்கட்டும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் மடித்து வைக்காது காற்றாடத் தொங்கவிடுக. பிறகு பொத்தானை இடம்மாற்றித் தைத்தால், முன்னர் சோதித்த அங்கியே ஆயினும் அதனை மீண்டும் பரிசோதனை மேசைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.