மூன்றடி பீரோவில் ஒரு குடும்பம்!

காலை ஆறு மணி. சோழவரத்தில் ஒரு சிறு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ் வர இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது.

"என்னங்க, நேரமாச்சு. இன்னும் என்ன தேடுறீங்க?"

"கம்பெனி சட்டையைக் காணோம். நேத்து மடிச்சுத்தானே வெச்சே?"

"வெச்சேன். பாப்பா பாவாடைக்குக் கீழே பாருங்க."

கணவர் பீரோவின் நடுத் தட்டில் கையை விட்டு இழுக்கிறார். சட்டை வருகிறது. கூடவே இரண்டு புடவை, ஒரு துண்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டை, போன வருஷத்து மின்சார ரசீது எல்லாம் தரையில் விழுகின்றன. நெடுஞ்சாலையில் பஸ் ஹாரன் அடிக்கிறது. விழுந்ததை எல்லாம் அள்ளி, ஒரே திணிப்பாகத் திணித்து, கதவை முழங்காலால் அழுத்தி மூடிவிட்டு அவர் ஓடுகிறார்.

மறுநாள் காலையிலும் இதே கூத்துத்தான்!

சென்னையிலிருந்து செங்குன்றம் தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருக்கிறது சோழவரம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் ஒன்று இங்கே உள்ளது. அதன் முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றும் இங்கே உண்டு. பல ஆண்டுகள் அதில் மோட்டார் பந்தயம் நடந்தது. பந்தயம் பார்க்கச் சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் வந்ததும் அந்தச் சத்தம் இங்கே ஓய்ந்தது. இன்று கேட்பது லாரிச் சத்தமும், ஷிப்டு பஸ்களின் சத்தமும்தான். மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டி என்று நாலா பக்கமும் தொழிற்சாலைகள். வேலைக்கு வந்த குடும்பங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. அந்த ஓர் அறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ. நாலு பேரின் துணியும் அந்தப் பீரோவுக்குள் போக வேண்டும்.

பீரோ வந்த கதை

அந்தக் காலத்தில் மரப்பெட்டி இருந்தது. பிறகு டிரங்குப் பெட்டி. மற்றத் துணிகளுக்குச் சுவரோரம் ஒரு கொடி. அதில் எல்லார் துணியும் தொங்கும்.

இரும்பு பீரோவை நம் நாட்டில் வீடுதோறும் பேச வைத்தது கோத்ரெஜ் கம்பெனி. பம்பாயில் 1897-ல் பூட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி அது. இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது 1923-ல். விடுதலைக்குப் பின் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு லட்சக்கணக்கான இரும்பு ஓட்டுப்பெட்டிகளைச் செய்து கொடுத்ததும் இதே கம்பெனிதான். எந்தப் பட்டறையில் செய்த அலமாரியானாலும் "கோத்ரெஜ் பீரோ" என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் அப்படி வந்ததுதான். கலியாணச் சீரில் பீரோ ஏறியதும் அதற்குப் பிறகே.

வழக்கமான பீரோவின் அளவு என்ன? உயரம் ஆறரை அடி. அகலம் மூன்று அடி. ஆழம் சுமார் ஒன்றரை அடி. நாலைந்து தட்டு, ஒரு லாக்கர். இடம் போதாது என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். உண்மையில் பல வீடுகளில் பீரோவின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது, ஒரு வருஷமாக யாரும் உடுத்தாத துணி!

முதலில் காலி செய்க!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் இருக்கிற நாளாகப் பார்த்து, பீரோவை முழுவதும் காலி செய்ய வேண்டும். ஒரு தட்டு மட்டும் இன்றைக்கு, மற்றது நாளைக்கு என்று செய்தால் வேலை முடியாது. துணி ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பாய் விரித்து அதில் போடுங்கள். குவியலைப் பார்த்ததும் வீட்டில் உள்ளவர்களுக்கே திகைப்பாக இருக்கும். "இவ்வளவுமா இதுக்குள்ளே இருந்துச்சு?" என்று கேட்காத வீடு இல்லை.

குவியலை மூன்றாகப் பிரிக்கலாம். வாரந்தோறும் உடுத்துவது ஒன்று. விசேஷத்துக்கு மட்டும் உடுத்துவது ஒன்று. மூன்றாவது, சிறுத்துப்போனது, சாயம் போனது, பிடிக்காமல் போனது. இந்த மூன்றாவது குவியலில்தான் சண்டை வரும். "இது எங்க அண்ணன் எடுத்துக் கொடுத்த புடவை" என்பார் மனைவி. "இந்த பேண்ட் இன்னும் நல்லாத்தானே இருக்கு" என்பார், அதை மாட்டிப் பொத்தான் போட முடியாத கணவர். ஞாபகத்துக்காக ஒன்றிரண்டை வைத்துக்கொள்வதில் தவறில்லை. இருபது இருந்தால்தான் ஞாபகம் இருக்கும் என்பதில்லையே!

ஜப்பான் நாட்டில் மாரி கோண்டோ என்ற பெண்மணி 2011-ல் வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகமெங்கும் விற்றது. கையில் எடுத்த பொருள் மனதுக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று பார், தராவிட்டால் அனுப்பிவிடு என்பது அவர் சொன்ன வழி. கம்பெனி சட்டையைப் பார்த்து மகிழ்ச்சி பொங்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் அவர் காட்டிய மடிப்பு முறை சிறு பீரோவுக்கு மிகவும் ஏற்றது. துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், கையகலத்துக்குச் சுருக்கமாக மடித்து, புத்தகம் நிறுத்துவதுபோல் நிறுத்துவது. இழுப்பறையோ பழைய அட்டைப்பெட்டியோ இருந்தால் போதும். குழந்தைகளின் சட்டை, உள்ளாடை, துண்டு, பனியன் எல்லாம் இப்படி நிற்கும். ஒன்றை எடுத்தால் மற்றது சரியாது.

புடவைக்கு நம் வீட்டுப் பெண்கள் வைத்திருக்கும் முறையே நல்லது. புடவை, அதற்குரிய ரவிக்கை, உள்பாவாடை மூன்றையும் ஒரே மடிப்பில் வைத்துவிடுவது. அவசரத்தில் புறப்படும்போது ரவிக்கையைத் தேடி மூன்று தட்டைக் கலைக்க வேண்டியதில்லை.

தட்டுகளைப் பிரிப்பதிலும் கணக்கு உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் தட்டு அவர்களுக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும். ஏழு வயதுப் பையன் தன் சீருடையைத் தானே எடுப்பான். கண்ணுக்கு நேரான தட்டு அன்றாடத் துணிக்கு. பட்டுக்கும் கம்பளிக்கும் மேல்தட்டு. விரிப்பு, போர்வை, தலையணை உறைகள் பீரோவிலேயே இருக்க வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு டிரங்குப் பெட்டி தள்ளினால் ஒரு தட்டு மிச்சமாகும்.

ஏரிக்காற்றும் இராமபாணமும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சோழவரம் பக்கம் காற்றே ஈரமாக இருக்கும். சுவரில் ஓதம் ஏறும். அந்தச் சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோவில் துணி நமத்து, பூஞ்சை பிடிக்கிறது. பீரோவுக்கும் சுவருக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி விடுங்கள். மழை இல்லாத நாளில் கதவை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். அரைகுறையாகக் காய்ந்த துணி ஒன்றே ஒன்று உள்ளே போனாலும், தட்டு முழுதும் வாடை ஏறும்.

கஞ்சி போட்ட வேட்டியை நீண்ட நாள் உள்ளே வைக்க வேண்டாம். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் விருந்து! தட்டில் பழைய செய்தித்தாள் விரிப்பதும் அப்படியே. அந்தப் பூச்சி காகிதத்தையும் தின்னும். அச்சு மை வெள்ளைத் துணியில் ஒட்டும். பத்திரிகை படிப்பதற்கு, விரிப்பதற்குப் பழைய பருத்தித் துணி போதும்.

பட்டுப் புடவையின் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. ஈரமும் வாசனைத் தைலமும் பட்டால் கறுக்கும். பிளாஸ்டிக் பையில் மூச்சு முட்டக் கட்டாமல், வெளுத்த மல் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு கிழியும்.

அந்துருண்டை செய்யும் அநியாயம்

பூச்சிக்குப் பயந்து பல வீடுகளில் கைப்பிடி கைப்பிடியாக அந்துருண்டை போடுகிறார்கள். வெள்ளை வெளேரென்று மிட்டாய்போல் இருக்கும் இந்த உருண்டை பெரும்பாலும் நாப்தலீன் என்ற ரசாயனம். அது கரைவதில்லை, அப்படியே ஆவியாகிறது. அந்த ஆவி துணியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை. மூத்த பிள்ளையின் பழைய சட்டை, பாட்டியின் நைந்த பருத்திப் புடவை, இவைதான். மெத்தென்று இருக்கும். தூளி கட்டவும் அதுவே. நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பழந்துணி எங்கே இருந்தது? பெட்டிக்குள், அந்துருண்டையோடு!

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு பொருள் குறைவாக இருக்கும். அதன் பெயர் ஜி-6-பி-டி. பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தை நாப்தலீன் ஏறிய துணியில் கிடந்தால், அதன் ரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன. மஞ்சள் காமாலை கடுமையாக வருகிறது. அது முற்றினால் மூளையையே தாக்கும். உயிருக்கும் ஆபத்து. குழந்தைக்கு எண்ணெய் தடவியிருந்தால் விஷம் தோல் வழியே இன்னும் எளிதாக உள்ளே போகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-ல் நாப்தலீன் அந்துருண்டைக்குத் தடை வந்தது.

ஆகவே குழந்தைத் துணி இருக்கும் இடத்தில் அந்துருண்டை கூடவே கூடாது. வெளியில் எடுத்த பழந்துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காய வைத்து, வாடை அறவே போன பிறகே பயன்படுத்த வேண்டும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இன்னொரு பயம்: மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். போட்டுக்கொண்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

காய்ந்த வேப்பிலை, வசம்பு, மிளகு இவற்றைத் துணியில் முடிந்து வைப்பது பழைய வழக்கம். அதற்கு அந்துருண்டையின் வேகம் இல்லைதான். துவைத்துக் காய்ந்த துணியும், மாதம் ஒருமுறை வெயிலும் இருந்தால் அந்த வேகம் தேவைப்படாது.

தொழிற்சாலைத் துணிக்கும் இதே கவனம் வேண்டும். பேட்டரி வேலை, ஈயம் உருக்கும் வேலை செய்பவரின் சட்டையில் ஈயத்தூள் ஒட்டி வீட்டுக்கு வரும். குழந்தைகளின் உடலில் ஈயம் சேர்ந்தால் மூளை வளர்ச்சி கெடும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை. வேலைத்துணியைத் தனியாகத் துவைத்து, கதவுக்குப் பின்னால் தனி ஆணியில் மாட்டுங்கள். பாப்பாவின் பாவாடைக்குக் கீழே அது இருக்கலாகாது.

வெள்ளத்தில் போன பத்திரம்

2015 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்தவர்கள் மறக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பலர் அழுதது துணிக்காக அல்ல. ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் கூழாகிப் போனதற்காக! நகல் கொடுப்பதற்கென்றே அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

வீட்டுக்குள் வரும் தண்ணீர் முதலில் நனைப்பது பீரோவின் அடித்தட்டை. பல வீடுகளில் பத்திரம் இருப்பதும் அங்கேதான், புடவைக்கு அடியில்! எல்லாத் தாள்களையும் ஒரே உறையில், தண்ணீர் புகாத பையில் போட்டு, மேல்தட்டின் ஓரத்தில் வையுங்கள். எழுந்து ஓடும்போது ஒரே கையால் எடுக்க வேண்டும். அரசின் டிஜிலாக்கர் வசதியில் பல சான்றிதழ்களைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அடித்தட்டில் கனமானதை வைப்பதற்கு வேறு காரணமும் உண்டு. மேலே பாரம், கீழே காலி என்றால் பீரோ தலைகனத்துப் போகும். கதவைப் பிடித்துக் குழந்தை தொங்கினால் சாயும். அமெரிக்காவில் இழுப்பறை அலமாரிகள் சாய்ந்து குழந்தைகள் இறந்ததால், 2016-ல் ஒரே கம்பெனி 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. இரண்டு கொக்கி போட்டுச் சுவரோடு பிணைக்கக் கொத்தனாருக்கு அரைமணி நேர வேலை. கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைகள் உள்ளே ஒளிந்துகொள்ளாதபடி, காலியான பெட்டியையும் பீரோவையும் எப்போதும் பூட்டியே வையுங்கள்.

மூன்றாவது குவியல் எங்கே போகும்?

போகிக்குக் கொளுத்திவிடலாம் என்று பலர் எடுத்து வைக்கிறார்கள். நைலான், பாலியஸ்டர் கலந்த இன்றைய துணி எரிந்தால் வருவது நச்சுப்புகை. 2018-ம் ஆண்டு போகியன்று புகையும் பனியும் சேர்ந்து மூடியதில், சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின.

தானம் கொடுப்பதிலும் முறை உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரம் வந்து குவிந்த பழந்துணி மூட்டைகள் பல, உடுத்த லாயக்கில்லாமல் சாலையோரம் கிடந்தன. எல்லாம் இழந்து நின்றவர்களும் அதைத் தொடவில்லை. பொத்தான் தைத்து, துவைத்து, மடித்துக் கொடுங்கள். திருநெல்வேலியில் 2017-ல் "அன்புச் சுவர்" என்று ஒன்று வைத்தார்கள். வேண்டாத நல்ல பொருளை அங்கே வைக்கலாம், வேண்டியவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். கிழிந்த பருத்தித் துணி இருக்கவே இருக்கிறது, கால்மிதிக்கும் கரித்துணிக்கும். பட்டறைக்காரர்களும் எண்ணெய் துடைக்கக் கேட்டு வாங்குவார்கள்.

எல்லாம் அடுக்கி முடிந்தது. கதவு சாத்துவதற்கு முழங்கால் வேண்டியதில்லை. சாவியைத் திருப்பிப் பூட்டியாயிற்று. அந்தச் சாவியைப் பீரோ உச்சியில் வைக்காதீர்கள். திருட வருகிறவன் முதலில் கையை விடுவது அங்கேதான்!