ஏழு குதிரைகளும் ஒரு பெருக்கலும்

1996 செப்டம்பர் 28, சனிக்கிழமை. இங்கிலாந்தின் ஆஸ்காட் மைதானத்தில் அன்று ஏழு குதிரைப் பந்தயங்கள். ஏழிலும் ஃப்ராங்கி டெட்டோரி என்ற இத்தாலிய ஜாக்கி குதிரையேறினார். ஏழிலும் முதலாவதாக வந்தார். அந்த மனிதர் மேல் இருந்த அபிமானத்தில், அவர் ஏறும் குதிரை எதுவானாலும் சரி என்று ஏழையும் ஒரே சீட்டில் கோத்துப் பணம் கட்டிய ரசிகர்கள் நாடெங்கும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அப்படி 1 பவுண்டு கட்டியிருந்தால் அந்தப் பவுண்டுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

முதல் குதிரை வால் ஸ்ட்ரீட். அதன் விலை ஒன்றுக்கு இரண்டு. அதாவது 1 பவுண்டு கட்டி ஜெயித்தால் 2 பவுண்டு லாபம், கட்டிய பவுண்டும் திரும்ப வரும். ஆக 1 பவுண்டு 3 பவுண்டாயிற்று. இப்படிக் கோத்துக் கட்டும் கூட்டுப் பந்தயத்தில் அந்த 3 பவுண்டு கைக்கு வருவதில்லை. அப்படியே இரண்டாவது குதிரையின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். டிஃபிடென்ட் என்ற அந்தக் குதிரையின் விலை ஒன்றுக்கு 12. 3 பவுண்டு 39 ஆனது. மார்க் ஆஃப் எஸ்டீம் ஜெயித்ததும் 169. டெக்கரேட்டட் ஹீரோவுக்குப் பின் 1,352. ஃபேட்ஃபுல்லி அதை 3,718 ஆக்கியது, லோச்சேஞ்சல் 8,365 ஆக்கியது. கடைசியாக ஃபுஜியாமா க்ரெஸ்ட், ஒன்றுக்கு இரண்டு. ஒற்றைப் பவுண்டு 25,096 பவுண்டு!

ஒவ்வொரு குதிரையும் பணத்தைப் பெருக்கிய இந்த ஏழு எண்களில் எதுவும் மிரட்டுகிற எண் இல்லை. பெரியது 13, மற்றவை எல்லாம் 2-க்கும் 8-க்கும் நடுவில். ஆனாலும் பெருக்கிக்கொண்டே போனால் ஐந்திலக்கம் வந்துவிடுகிறது. கூட்டுப் பந்தயத்தின் கவர்ச்சி முழுவதும் இங்கேதான் இருக்கிறது. அன்று பல சேர்க்கைகளாக ஏறத்தாழ 60 பவுண்டு கட்டியிருந்த ஒரு தச்சுத் தொழிலாளிக்கு 5 லட்சம் பவுண்டுக்கும் மேல் கிடைத்தது. பந்தய நிறுவனங்களுக்கு நஷ்டம் கோடிக்கணக்கில்.

அந்தக் கடைசிக் குதிரையின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஃபுஜியாமா க்ரெஸ்டை யாரும் பெரிதாக நம்பியிருக்கவில்லை. காலையில் அதற்குப் பேசிய விலை ஒன்றுக்கு 12. ஆறு பந்தயங்கள் முடிந்தபோது நாடெங்கும் உள்ள பந்தயக் கடைகளின் கணக்கில் ஆயிரக்கணக்கான சீட்டுகள் உயிரோடு இருந்தன. ஒவ்வொன்றும் 8,365 மடங்கு ஊதி, ஏழாவது குதிரையின் முதுகில் காத்திருந்தது. சீட்டுகளுக்குப் பணம் கொடுப்பது ஓட்டம் தொடங்கும் நேரத்தில் மைதானத்தில் நிலவும் விலைப்படி. எனவே பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆட்களை வைத்து மைதானத்திலேயே அந்தக் குதிரை மேல் பணத்தைக் கொட்டின. விலை மளமளவென்று இறங்கி, ஓட்டம் தொடங்கும்போது ஒன்றுக்கு இரண்டில் நின்றது. பழைய விலையே நீடித்திருந்தால் நம் பவுண்டு 1,08,000-ஐத் தாண்டியிருக்கும். கடைசி அரைமணி நேரத்தில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே வெட்டிவிட்டார்கள். குதிரையின் கால்களுக்கும் இந்த விலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது மைதானத்தில் நின்ற புக்கிகளுக்குத் தெரியும். ஒன்றுக்கு 12 தர வேண்டிய குதிரைக்கு வெறும் இரண்டு தந்தால் போதும் என்று துணிந்து, வந்த பணத்தையெல்லாம் வாங்கிப் போட்டவர்களும் உண்டு. ஃபுஜியாமா க்ரெஸ்ட் கழுத்தளவில் ஜெயித்தது. அப்படி வாங்கிய ஒரு புக்கி அன்று பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் இழந்தார்.

இப்படி ஒரு நாள் வாய்த்ததால்தான் அது கதையாக இன்னும் பேசப்படுகிறது. மற்ற நாட்களில் நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும்.

இரண்டு அணிகள் சரிசமம் என்று வைத்துக்கொள்வோம். நியாயமான விலை என்றால் 100 ரூபாய் கட்டியவருக்கு ஜெயித்தால் 200 ரூபாய் வர வேண்டும். பந்தய நிறுவனம் 190 தரும். இரண்டு பக்கமும் அதே விலை. அந்தப் பத்து ரூபாய்தான் அதன் பிழைப்பு. பாதி தடவை ஜெயிப்பவருக்குச் சராசரியாக 100-க்கு 95 திரும்பும். 5 சதவீதம் நிறுவனத்துக்கு. ஒற்றைப் பந்தயத்தில் கதை இத்தோடு முடிந்தது.

இதே மாதிரி பத்து ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்தால், பத்தும் சரியாக வர 1,024-இல் ஒரு வாய்ப்பு. நியாயமாக 1,024 மடங்கு தர வேண்டும். ஆனால் 1.90-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது 613 மடங்குதான். நிறுவனத்தின் பங்கு 5 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக வளர்ந்துவிட்டது. விலையை யாரும் மாற்றவில்லை, தந்திரம் எதுவும் செய்யவில்லை. பரிசைப் பெருக்கிய அதே பெருக்கல் நிறுவனத்தின் வெட்டையும் பெருக்கியது. முதல் பெருக்கலைச் சீட்டில் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறார்கள். இரண்டாவது எங்கும் எழுதப்படுவதில்லை. கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இதை மட்டும் வாசகர் மறந்துவிடக் கூடாது என்பது என் ஆசை.

தினம் 100 ரூபாய்க்கு இப்படி ஒரு பத்தாட்டச் சீட்டு வாங்குபவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1,024 நாட்கள், கிட்டத்தட்ட இரண்டே முக்கால் வருடம். கட்டியது 1,02,400 ரூபாய். சராசரியாக ஒரு தடவை ஜெயிப்பார், 61,300 வரும். அந்தச் சராசரியும் எல்லோருக்கும் வாய்க்காது. இப்படிக் கட்டுகிற நூறு பேரில் சுமார் 37 பேர் அத்தனை நாளும் ஒரு தடவைகூட ஜெயிக்காமலே போவார்கள். அதே பணத்தைத் தனித்தனிப் பந்தயங்களாகக் கட்டியிருந்தால் நஷ்டம் ஐயாயிரத்துச் சொச்சத்தோடு நின்றிருக்கும்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் பல்லாண்டுகளாகக் கணக்கு வெளியிடுகிறது. அங்கே விளையாட்டுப் பந்தயங்களில் மொத்தமாக 100 டாலருக்குச் சுமார் 5 டாலர் நிறுவனங்களிடம் தங்குகிறது. பார்லே அட்டை எனப்படும் கூட்டுப் பந்தயத்தில் மட்டும் தங்குவது 30 டாலர் அளவுக்கு. காகிதத்தில் போட்ட கணக்கு கல்லாப்பெட்டியிலும் அப்படியே தெரிகிறது.

கிண்டி ரேஸ் பழக்கமுள்ளவர்கள் இங்கே ஜாக்பாட்டை நினைப்பார்கள். ஐந்து ரேஸ்களின் வெற்றியாளர்களைச் சொல்லும் அதுவும் கூட்டுப் பந்தயம்தானே? ஆம். ஆனால் உள்ளே இயங்கும் விதம் வேறு. ஜாக்பாட்டில் எல்லோருடைய பணமும் ஒரே குவியலில் சேர்கிறது. கிளப் தன் பங்கையும் வரியையும் ஒரே ஒரு தடவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சரியாகச் சொன்னவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஐந்து ரேஸ் என்பதற்காக ஐந்து தடவை வெட்டு விழுவதில்லை. புக்கியிடம் கட்டும் கூட்டுப் பந்தயத்தில் ஒவ்வொரு கண்ணியிலும் விழும். இதனால் ஜாக்பாட் லாபகரமானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஒற்றை வெட்டே கனமானது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் நிறுவனத்தைவிட உண்மையாகவே நன்றாகக் கணிப்பவர் என்றால், பெருக்கல் அவர் பக்கமும் வேலை செய்யும். ஆட்டத்துக்கு 5 சதவீதம் அனுகூலம் உள்ளவருக்குப் பத்து ஆட்டத்தில் அது 60 சதவீதத்தைத் தாண்டும். அப்படிப்பட்டவர்கள் மிகமிகச் சிலர். தொடர்ந்து ஜெயிப்பவர் என்று கண்டுகொண்டால் பல நிறுவனங்கள் அவர் கட்டக்கூடிய தொகையைச் சில்லறை அளவுக்குக் குறைத்துவிடும்.

இவ்வளவு எளிய கணக்கு நம் கண்ணில் ஏன் படுவதில்லை? 1973-இல் மாயா பார்-ஹில்லெல் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல விளக்கம். ஒரு பையில் பாதி சிவப்புக் கோலிகள். ஒரே தடவை கைவிட்டு எடுத்தது சிவப்பாக இருந்தால் வெற்றி. இன்னொரு பையில் பத்துக்கு ஒன்பது சிவப்பு. ஆனால் எடுத்து, திரும்பப் போட்டு, ஏழு தடவையும் சிவப்பே வர வேண்டும். எதில் பந்தயம் கட்டுவீர்கள்? பெரும்பாலோர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். 0.9-ஐ ஏழு தடவை பெருக்கினால் 0.48, பாதிக்கும் குறைவு. ஒன்பது சிவப்பு என்ற காட்சி மனத்தை நிறைத்துவிடுகிறது. ‘ஏழு தடவை’ என்பது காதில் விழுந்தும் எடை பெறுவதில்லை. ‘இந்த ஐந்தும் பெரிய டீம், தோற்கவே தோற்காது’ என்று சொல்லிக்கொண்டு சீட்டுப் போடுபவர் இரண்டாவது பையில்தான் கையை விடுகிறார்.

அவர் தேர்ந்த ஐந்து அணிகளுக்கும் ஜெயிக்க 70 சதவீத வாய்ப்பு என்றே கொள்வோம். ஐந்தும் ஜெயிக்கும் வாய்ப்பு 17 சதவீதம். நான்கு ஜெயித்து ஒன்று மட்டும் கவிழும் வாய்ப்பு 36 சதவீதம், இரண்டு மடங்குக்கும் மேல். ‘ஒரே ஒரு மேட்ச்சில போச்சு’ என்ற புலம்பல் அதிகம் கேட்பதற்கு இதுதான் காரணம். அவருக்குத் தனியாக நேர்ந்த துரதிருஷ்டம் இல்லை அது. வேறு எந்த முடிவையும்விட அந்தச் சீட்டு அதிகமாக முடிவது அப்படித்தான். ஆனால் மூளை அதை அப்படி வாங்கிக்கொள்வதில்லை. 2009-இல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் மூளைப் படங்களோடு செய்த ஆய்வில், மயிரிழையில் தவறிய தோல்வி, வெற்றிக்குத் துள்ளும் அதே மூளைப் பகுதிகளைத் தூண்டுவது தெரிந்தது. ஆடியவர்களுக்கு அது இன்பமாக இல்லை. ஆனாலும் இன்னொரு தடவை ஆடத் தூண்டியது. ஒரு கண்ணி மட்டும் அறுந்தால் கட்டிய பணத்துக்கு இலவசப் பந்தயம் தருகிறோம் என்று நிறுவனங்கள் அறிவிப்பது சரியாக இந்த இடத்தைக் குறிவைத்துத்தான்.

அறுந்த கண்ணிக்கு மாற்றாக விற்கப்படும் சேர்க்கைச் சீட்டுகளும் உண்டு. ஆறு குதிரைகளைத் தேர்ந்து, அவற்றில் இரண்டிரண்டாக 15, மும்மூன்றாக 20, நான்கு நான்காக 15, ஐந்தைந்தாக 6, ஆறும் சேர்ந்து 1 என்று எல்லாச் சேர்க்கைகளையும் கட்டினால் மொத்தம் 57 பந்தயங்கள். ‘57 வகைகள்’ என்று விளம்பரம் செய்த சாஸ் கம்பெனியின் நினைவாக இதற்குப் பிரிட்டனில் ‘ஹைன்ஸ்’ என்றே பெயர். தனிக்குதிரைகள் ஆறையும் சேர்த்தால் ‘லக்கி 63’. இந்த 63 நமக்கு மிகப் பழைய எண். சுசுருத சம்ஹிதை ஆறு சுவைகளை ஒன்றாக, இரண்டாக, மூன்றாகக் கலந்துகொண்டே போய் 63 வகை என்று எண்ணிச் சொல்கிறது. மருந்துக்கு எண்ணிய அதே கணக்கு இன்று பந்தயச் சீட்டில் அச்சாகிறது.

57 பந்தயம் என்றால் 57 பணயம். பத்து ரூபாய் வீதம் 570 ரூபாய். நம் 1.90 விலையில் சராசரியாகத் திரும்புவது 483. இரண்டு குதிரை வந்தாலே ஏதோ கையில் வருகிறது என்பதால் ஜெயித்த உணர்வு அடிக்கடி கிடைக்கும். கட்டிய 570-க்குக் கீழே திரும்பியதையும் வெற்றி என்றே மனம் எழுதிக்கொள்ளும்.

இதுவரை போட்ட பெருக்கல் எல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: ஒரு முடிவு மற்றொன்றைத் தொடக் கூடாது. தொட்டால் பெருக்கல் பொய்யாகிவிடும். 2009 கிறிஸ்துமஸின்போது இங்கிலாந்தில் ஒருவர், வடபகுதி ஊர்கள் பலவற்றில் பனி விழும் என்று சில பவுண்டுகளுக்குக் கூட்டுப் பந்தயம் கட்டினார். பனி விழுந்தது. சீட்டின்படி அவருக்கு 70 லட்சம் பவுண்டுக்கும் மேல் வர வேண்டும். நிறுவனம் கொடுத்தது சுமார் 32 பவுண்டு. வானிலையில் கூட்டுப் பந்தயம் விதிப்படி கிடையாது, கவுண்டரில் தவறுதலாக வாங்கிவிட்டோம் என்றது. விதிக்குக் காரணம் தெளிவு: ஒரே மேகக் கூட்டம் பக்கத்துப் பக்கத்து ஊர்களை எல்லாம் மூடும். ஓர் ஊரில் பனி என்றால் அடுத்த ஊரிலும் கிட்டத்தட்ட உறுதி. ஊருக்கு ஊர் பெருக்கினால் நிறுவனம் திவாலாகும்.

நெடுங்காலம் இந்த அச்சத்தால் ஒரே ஆட்டத்தின் நிகழ்வுகளைக் கோத்துக் கட்ட விடமாட்டார்கள். கணினிகள் வந்தபின் நிலை தலைகீழ். இந்த அணி ஜெயிக்கும், இந்த பேட்ஸ்மேன் அரைசதம் அடிப்பார், இந்த பவுலர் இரண்டு விக்கெட் எடுப்பார் என்று ஒரே மேட்ச்சிலிருந்து கோக்கும் சீட்டுகளை இன்று நிறுவனங்களே முந்திக்கொண்டு விற்கின்றன. இந்தியாவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. வெளிநாட்டுச் செயலிகள் விடாமல் நம் பிள்ளைகளின் செல்போனைத் தேடி வந்துகொண்டிருப்பதால் இந்த வகையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாதாரண ஆட்டத்தில் நிறுவனத்தின் வெட்டை யாரும் அளந்துவிடலாம். இரு பக்கத்து விலைகளும் கண்முன் இருக்கின்றன. 100-ஐ ஒவ்வொரு விலையாலும் வகுத்துக் கூட்டினால், 1.90-க்கு 1.90 என்ற இடத்தில் 105.26 வரும், அதில் நூறுக்கு மேல் உள்ளதுதான் அவர்கள் பங்கு. ஒரே ஆட்டக் கூட்டில் நிகழ்வுகள் ஒன்றையொன்று எவ்வளவு தொடுகின்றன என்பதை நிறுவனத்தின் மென்பொருள் தீர்மானித்து, ஒற்றை விலையாகக் காட்டுகிறது. ‘இந்த மூன்றும் சேர்ந்து நடக்காது’ என்ற எதிர்ப்பக்கத்துக்கு அங்கே விலையே கிடையாது; அதை யாரும் வாங்க முடியாது. எதிர்ப்பக்கம் இல்லாததால் கூட்டிப் பார்க்க இரண்டாவது எண்ணும் இல்லை. எத்தனை சதவீதம் வெட்டு என்பது விற்பவருக்கு மட்டுமே தெரியும்.