மினாங்கபாவு நாடு: மலையும் கரையும்

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்திரா மாகாணம் மினாங்கபாவு மக்களின் தாயகமாகும். அம்மாகாணத்தைச் சேர்ந்த மெந்தாவைத் தீவுகளின் பழங்குடியினர் வேறினத்தவர் ஆதலின், அவர்களை ஈண்டு நாம் கருதவில்லை. மினாங்கபாவு மக்கள் இசுலாத்தைத் தழுவியவர். ஆயினும் குடியும் முதுசொத்தும் அவர்களிடையே தாய்வழியே இறங்குகின்றன. இவ்விரு நெறிகளும் ஒருங்கே நிலைத்தது எங்ஙனம்? விடை காண, அவர்தம் நிலத்தை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

புக்கிட் பாரிசான் என்னும் மலைத்தொடர் மாகாணத்தின் நெடுக ஓடுகிறது. அதன் நடுவண் அமைந்த தானா டாத்தார், ஆகாம், லிமா புலூ கோத்தா என்னும் மூன்று பழம்பகுதிகளே 'டாரெக்' எனப்படும் உள்நாடு. பாடாங், பாரியாமன் முதலிய கரையூர்களும் ஏனைப் புறநிலங்களும் 'ரந்தாவ்' எனப்படும்.

உள்நாட்டில் மூதாதையர் வயலும் மனையும் பெண்வழி உரிமை. அவற்றை மேற்பார்ப்பவன் 'மாமாக்' எனப்படும் தாய்மாமன். முதுசொத்து தன் மக்களைச் சேராது, உடன்பிறந்தாள் மக்களையே சேருமாதலின், இளைஞன் பொருள் தேடிப் புறநிலம் செல்வது மரபாயிற்று. அச்செலவுக்கு 'மெரந்தாவ்' என்று பெயர். இடப்பெயரே வினையாயிற்று என்பது கருதத்தக்கது.

கரையோ பிறநாட்டார்க்குத் திறந்த வாயில். அச்சே அரசின் மேலாட்சி 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அங்குப் பரவியது. பின்னர் டச்சு வணிகர் வந்தனர். தமிழகக் கரையிலிருந்து சென்ற முசுலிம்களின் வழியினர் நாகூர் சாகுல் அமீது ஆண்டகையின் நினைவாகச் சருக்கரை தூவும் விழாவைப் பாடாங்கில் இன்றும் நிகழ்த்துகின்றனர். இத்தகைய கரையில் தாய்வழி மரபு அழியவில்லை. தந்தைவழிக்கும் சிறிது இடம் தந்தது. பாரியாமனில் ஒருவனது குடி தாயினின்றும் வருகிறது. சீடி, பாகிண்டோ, சூத்தான் என்னும் பட்டங்களோ தந்தையினின்றும் வருகின்றன.

சொத்துரிமையிலும் இவ்விருமையைக் காண்கிறோம். 1952இல் புக்கிட்டிங்கியில் கூடிய சமய அறிஞரும் குடித்தலைவரும் கற்றோரும், முதுசொத்து மரபுவழியும் தேடிய பொருள் இசுலாமியச் சட்டவழியும் செல்லுதல் வேண்டும் என முடிவு செய்தனர்.

எனவே, மலையில் கிடந்த வயல் தாயோடு நின்றது. புறநிலத்தில் ஈட்டிய பொருள் தந்தைவழி மக்களைச் சேர்ந்தது. இரு நெறிகளும் ஒன்றையொன்று வெல்லாது நிலைத்தமைக்கு, அவை இருவேறு பொருள்களைப் பற்றி நின்றமையே காரணம் எனக் கொள்ளலாம். தாய்வழிச் சமுதாயங்களை ஆராய்வோர் உறவுமுறையை மட்டும் நோக்காது, அது வேரூன்றிய நிலத்தையும் உடன் நோக்குதல் இன்றியமையாதது.