பூட்டைத் திறந்தது எது?

ஒண்டக் குடிசையின்றி ஓரத்திண்ணையில் உறங்குவோரை நாம் அறிவோம். வீடு இருக்கிறது, விளக்கேற்ற ஆளில்லை என்று விம்மும் நாட்டையும் இன்று அறிந்து கொள்ளுங்கள், தோழர்களே! ஜப்பானில் 2023ஆம் ஆண்டு எடுத்த கணக்குப்படி காலி வீடுகள் ஏறத்தாழ 90 லட்சம். வாடகைக்கு ஆள் தேடிக் காத்திருப்பவையும் அதில் அடக்கம். நூறு வீட்டுக்குப் பதினான்கு வீடு காலி!

ஷிகோகு தீவின் தோகுஷிமா மாவட்டத்திலே காமியாமா என்றொரு மலையூர். 1955இல் சிற்றூர்களை இணைத்து அதை உருவாக்கியபோது ஏறத்தாழ 21,000 பேர் வாழ்ந்தனர். இன்று ஐயாயிரத்துக்கும் குறைவு. என்ன வந்தது ஊருக்கு? கொள்ளை நோயா, கொடும் பஞ்சமா? இரண்டும் இல்லை. மலை முழுதும் மரம். மரத்தை நம்பி மக்கள். 1964இல் அயல்நாட்டு மரத்துக்குக் கதவு அகலத் திறக்கப்பட்டது. பின்னாளில் உள்ளூர் மரத்தின் விலை சரிந்தது. மரம் அறுத்தவன் மகன் மூட்டை கட்டி நகரத்துக்கு நடந்தான். பூட்டிய வீடு பின்னே நின்றது.

பூட்டியதைப் பிறருக்கு விட்டாலென்ன என்று கேட்பீர்கள். விடமாட்டார்கள். வீட்டுக்குள் மூதாதையர் மாடம் இருக்கிறது. முன்னோரை நினைக்கும் திருநாளுக்குப் பிள்ளைகள் வருவார்கள், எங்கே தங்குவார்கள்? வரியும் ஒரு காரணம். மனையில் வீடு நின்றால் 200 சதுர மீட்டர் வரை சொத்துவரிக்கான மதிப்பு ஆறிலொன்று. இடித்தால் அந்தச் சலுகை போச்சு! ஆகவே இற்றுப்போன வீடும் இடியாமல் நின்றது. ஆபத்தான வீட்டுக்கு இச்சலுகையை மறுக்க 2015இல்தான் வழி பிறந்தது.

இன்னுமோர் அச்சமும் உண்டு. 1941இல், போர்க்காலத்திலே, தக்க காரணமின்றிக் குடியிருப்போனை வெளியேற்றக் கூடாதென்று சட்டம் திருத்தப்பட்டது. நல்ல சட்டம், நகரத்துத் தொழிலாளிக்கு அது கேடயம். ஆனால் மலையூர்க் கிழவரோ, "ஒருமுறை விட்டால் வீடு திரும்ப வராதே" என்று நடுங்கினார். 2000ஆம் ஆண்டில் கெடு வாடகை வந்தது. கெடு முடிந்தால் ஒப்பந்தம் முடிந்தது. மறு ஒப்பந்தம் இருவரும் இசைந்தால்தான். டோக்கியோவிலே இது வீட்டுக்காரன் கையில் கத்தி. ஆளற்ற மலையூரிலே இதுவே திறவுகோலாகலாம். ஒரே சட்டத்தை இடமறிந்து எடைபோட வேண்டியிருக்கிறது, தோழர்களே. ஊர்ப்புறத்து வெற்றியைக் காட்டி நகரத்துக் கேடயத்தைப் பிடுங்க வருவோரும் உண்டு, விழிப்பு தேவை.

காமியாமா முதலில் செய்தது சிறு செயல். 1999 முதல் ஆண்டுதோறும் கலைஞர்கள் சிலரை அழைத்தது. இரண்டு மாத அளவு தங்குவார்கள், படைப்பார்கள், போவார்கள். அந்நியன் வந்தான், ஊரைத் தின்னவில்லை என்பதை ஊரார் கண்ணாரக் கண்டனர். அடுத்து வந்ததுதான் சூட்சுமம். "வீடு காலி, யார் வேண்டுமானாலும் வருக" என்று கூவவில்லை. இந்த வீட்டுக்கு ரொட்டி சுடுபவர் வேண்டும் என்று, ஊருக்குத் தேவையான தொழிலை முன்கூட்டியே சொல்லி ஆள் தேடினார்கள். வருபவன் யாரென்பதைத் தரகன் தீர்மானிக்கவில்லை, ஊர் தீர்மானித்தது!

2010இல் டோக்கியோவின் சான்சான் என்ற கணினி நிறுவனம் பழைய வீடொன்றில் கிளை அலுவலகம் திறந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பு மாற்றத்தையொட்டி மாவட்டமெங்கும் போடப்பட்ட கண்ணாடி இழைக் கம்பி அதற்குக் கைகொடுத்தது. 2011இல் ஊரைவிட்டுப் போனவரைவிட ஊருக்கு வந்தவர் அதிகம். மகிழத்தக்க சேதிதான், ஆயினும் மக்கள்தொகை இன்றும் தேய்கிறது, இறப்பு பிறப்பை விஞ்சுவதால். மேலும் மடிக்கணினியைத் தூக்கி வந்த நிறுவனம் மடக்கிக்கொண்டு போகவும் முடியும். அடுப்பு கட்டிய ரொட்டிக்காரருக்கு அது அவ்வளவு எளிதல்ல. இருவரையும் ஒரே தட்டில் வைக்க நான் இசையமாட்டேன்.

2023 ஏப்ரலில் அங்கே ஐந்தாண்டுத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று தொடங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 40 மாணவர். பழைய நடுநிலைப் பள்ளிக் கட்டடம் அவர்களுக்கு விடுதியாயிற்று. முதல் அணி 2028 மார்ச்சில் படிப்பை முடிக்கும். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த மலையடியிலேயே வேலையும் கூலியும் கிடைக்கும் என்பதை அப்போது எண்ணிப் பார்ப்போம்.