புதியது சிறந்ததா? இரு கிராபிக்ஸ் அட்டைகளின் ஒப்பீடு

சென்ற ஆண்டு என் தமக்கையார் மகன், பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு பயில்பவன், என்னிடம் வந்து, "மாமா, கணினிக்குக் கிராபிக்ஸ் அட்டை ஒன்று வேண்டும். 3060 வாங்கவா, 4060 வாங்கவா?" என வினவினான். அவன் என்ன வேலைக்கு அதனை வேண்டுகின்றான் என்று நான் கேட்டேனல்லேன். புதியதையே வாங்குக என்றேன். அவ்விடை பிழையாயிற்று. விழா மலருக்குக் கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, அப்பிழையையே பொருளாக எடுத்துக்கொண்டேன். நம் கல்லூரி மாணவர் பலர் இதே வினாவுடன் கடைத் தெருவில் நிற்கின்றனராதலின்.

கணினித் திரையொன்றில் அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் உள்ளன எனக் கொள்வோம். மொத்தம் 2,073,600 புள்ளிகள். அசையும் காட்சியொன்றை வினாடிக்கு 60 முறை வரைவதாயின், ஒவ்வொரு வினாடியும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணித்தல் வேண்டும். ஒவ்வொன்றும் எளிய கணக்கே, தொகைதான் பெரிது. கணினியின் மத்திய செயலி பண்டிதர் எண்மரைப் போன்றது. தேர் வடத்தைப் பண்டிதர் எண்மர் பிடிப்பதிலும் ஊரார் ஆயிரவர் பிடிப்பதே பயன் தரும். கிராபிக்ஸ் அட்டை அந்த ஆயிரவர்.

அமெரிக்காவின் என்விடியாக் கம்பனி ஜீபோர்ஸ் ஆர்.ரி.எக்ஸ். 3060 என்னும் அட்டையை 2021 பெப்ரவரியில் 329 டொலர் விலை குறித்து வெளியிட்டது. அதன் வழித்தோன்றலாகிய 4060, 2023 யூனில் 299 டொலருக்கு வந்தது. முன்னதில் 3584 கணிப்புக் கருக்கள். பின்னதில் 3072 மாத்திரமே. தம்பி தமையனிலும் ஆட்பலம் குன்றியவனோ எனின், அன்று. முன்னதன் கருக்கள் உச்ச நிலையில் 1.78 கிகா ஹேட்ஸ் வேகத்தில் இயங்க, பின்னதன் கருக்கள் 2.46 கிகா ஹேட்ஸ் வேகத்தில் இயங்குகின்றன. கருக்களின் தொகையை வேகத்தாற் பெருக்கி, ஒரு துடிப்புக்கு இரு கணக்கு எனக் கொண்டால், 3060 வினாடிக்கு ஏறக்குறைய 12.7 இலட்சம் கோடி கணக்குகளையும், 4060 ஏறக்குறைய 15.1 இலட்சம் கோடி கணக்குகளையும் செய்யவல்லன. சிறிய திரான்சிற்றர்களை நெருக்கமாக அமைக்கும் புதிய உற்பத்தி முறையே இவ்வேகத்திற்குக் காரணம். 3060இன் சில்லு 276 சதுர மில்லிமீற்றர். 4060இனது 159 தான். எனினும் திரான்சிற்றர் தொகை பின்னதிலேயே அதிகம்.

இனி நினைவகத்தை நோக்குவாம். விபரப் பட்டியலைப் படிப்போர் பெரும்பாலும் சறுக்குமிடம் இதுவே. அன்னதான மடமொன்றைக் கற்பனை செய்க. சமையற்காரர் எத்துணை விரைவினராயினும் களஞ்சியத்திலிருந்து அரிசி வந்தாலன்றி அடுப்பு எரிந்து பயனில்லை. களஞ்சியத்தின் கொள்ளளவு ஒன்று, அங்கிருந்து வரும் பாதையின் அகலம் மற்றொன்று, அடுப்பருகேயுள்ள சிறு தட்டு மூன்றாவது. 3060இன் களஞ்சியம் 12 கிகா பைற்று. பாதை 192 பிற்று. ஒவ்வொரு பிற்று வழியும் வினாடிக்கு 15 கிகா பிற்றுக் கடத்தும். 192ஐ 15ஆற் பெருக்கி எட்டால் வகுக்க, வினாடிக்கு 360 கிகா பைற்று. 4060இன் களஞ்சியம் 8 கிகா பைற்று, பாதை 128 பிற்று, கடத்தல் 17. அதன் பெறுமானம் 272. புதியதன் பாதை பழையதிலும் ஒடுங்கியது!

இக்குறையை ஈடு செய்யவே அடுப்பருகுத் தட்டை, அஃதாவது பதுக்கு நினைவகத்தை, 3 மெகா பைற்றிலிருந்து 24 மெகா பைற்றாக உயர்த்தினர். அடிக்கடி வேண்டப்படுவன தட்டிலேயே இருப்பின் களஞ்சியத்திற்கு ஓடும் தேவை குறையும். விளையாட்டுக்களில் இவ்வுபாயம் நன்கு பலித்தது. மேற்குறித்த திரையளவில் 4060 பழையதை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விஞ்சுகின்றது. அன்றியும், வரைந்த இரு காட்சிகளுக்கிடையே தானே ஒரு காட்சியைப் புனைந்து செருகும் வித்தையும் அதற்குண்டு, 3060இற்கு இல்லை. அவ்வாறு செருகிய காட்சிகளையும் சேர்த்து வேகம் காட்டும் விளம்பரங்களை நான் பெரிதும் மதிப்பதில்லை. கண்ணுக்கு ஓட்டம் சீராகத் தோன்றும். விசையை அழுத்தியவுடன் கிடைக்கும் எதிர்வினையோ அதனால் விரைவுபடுவதில்லை.

மின்செலவிலும் புதியதே மேல். 170 உவாற்றுக்கெதிரே 115. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் முழுப் பாரத்துடன் இயக்கினால், மாதத்தில் 6.6 அலகு மிச்சம். ஆயின் பழைய தாய்ப்பலகையுடைய கணினியாயின் ஓர் எச்சரிக்கை: 4060 எட்டுத் தடங்களால் மட்டுமே தாய்ப்பலகையோடு இணைகின்றது; 3060 பதினாறால். பழைய பலகைகளில் ஒவ்வொரு தடமும் மெதுவாதலின் புதியது சிறிது பின்னடையும்.

இவ்வளவும் கூறிய பின் என் விடை எங்கே பிழைத்தது? மருமகன் விளையாட்டுக்கு வாங்கவில்லை. தன் ஆய்வுக்காக மொழி மாதிரியொன்றைத் தன் கணினியிலேயே இயக்க விழைந்தான். 1300 கோடி எண்களைக் கொண்ட மாதிரியை, ஓர் எண்ணுக்கு அரைப் பைற்று என்னும் அளவிற்குச் சுருக்கினாலும் 6.5 கிகா பைற்று வேண்டும். உரையாடலின் நினைவுக்கும் திரைக்கும் வேண்டியன அதற்குமேல். 8 கிகா பைற்றில் அது அடங்காது நெருக்குண்டது. மிஞ்சியது கணினியின் பொது நினைவகத்திற்கு வழிய, வேகம் ஆமை நடையாயிற்று. 12 கிகா பைற்றில் அதே மாதிரி இடம் மிஞ்ச அமர்ந்திருக்கும். களஞ்சியத்தில் இடமில்லாதபோது சமையற்காரரின் விரைவு என் செய்யும்? முப்பரிமாணக் காட்சிகளை அமைப்போரும் இதே இடரை எதிர்கொள்வர். 2025இல் வந்த 5060உம், பாதை விரைந்ததெனினும், 8 கிகா பைற்றுடனேயே வந்தது.

ஆகவே பழையதைத் தேடிப் பாவித்த பொருட்கள் விற்கும் கடைக்கு இருவரும் சென்றோம். அங்கே இன்னொரு பொறி காத்திருந்தது. 2022இன் பிற்பகுதியில் அதே 3060 என்னும் பெயருடன், 8 கிகா பைற்றும் 128 பிற்றுப் பாதையும் கொண்ட வேறோர் அட்டையும் வெளிவந்திருந்தது. அதன் கடத்தல் 240 கிகா பைற்று மாத்திரமே. கருக்களின் தொகை ஒன்றே, பெயர் ஒன்றே. விளையாட்டு வேகம் தெளிவாகக் குறைவு. இவ்வாறு பெயரொன்றின் கீழ் இரு பொருளை விற்பது வாங்குவோரை மயக்குவதேயாம் என்பது என் துணிபு.

கடைக்காரர் நீட்டிய அட்டையில் 3060 என்று மட்டுமே இருந்தது, பெட்டியும் இல்லை. "தம்பி, எல்லாம் ஒன்றுதான்" என்றார் அவர். மருமகன் விடாது, அதனைக் கணினியிற் பொருத்தி, ஜி.பி.யூ.-இசெட் என்னும் இலவச மென்பொருளைத் திறந்து காட்டுமாறு வேண்டினான். பாட்டை அகலம் என்ற இடத்தில் 128 என்றிருந்தது. நன்றி கூறி வெளியேறினோம். மூன்றாவது கடையில் 192 என்று கண்டபின்பே பணத்தை எண்ணிக் கொடுத்தான். என் சொற்கேட்டு வாங்கிய 4060 இப்பொழுது அவன் தம்பியின் கணினியில் இருக்கின்றது. விளையாட்டில் அதனைக் குறை கூறுவாரில்லை.