வெல்ல அடுப்பில் நிலக்கரி எரிக்க இரும்புக் கிராதி

கருப்பஞ்சாறு காய்ச்சுவதற்குக் காய்ந்த சக்கையே முதன்மையான எரிபொருளாகும். ஆயினும் ஆலை ஆடும் காலத்தில் மழை பெய்து சக்கை நனைந்துவிட்டால் விறகைத் தேட நேரிடுகிறது. விறகு அரிதான இடங்களில் சிலர் நிலக்கரியை வாங்கி, விறகு எரித்த அதே அடுப்பின் தரையில் கொட்டி எரிக்க முயல்கின்றனர். கரி மேலே சிறிது கனன்று, உள்ளே கறுத்து அணைந்துபோகிறது. சாறு கொதிக்காமல் நெடுநேரம் கிடந்து கெடுகிறது. கரியைக் குறை கூறிப் பயனில்லை. குறை அடுப்பின் அடியில் உள்ளது.

விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆவியாகி மேலெழுந்து சுவாலையாக எரியும். ஆகையால் வாய் வழியே புகும் காற்று அதற்குப் போதும். நிலக்கரியின் பெரும்பகுதியோ இருந்த இடத்திலேயே கனலாக எரிவது. அதற்குக் காற்று கீழிருந்து கனலினூடே ஏற வேண்டும். மேலும், விறகில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே சாம்பல். நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 40 பங்கு வரை இருப்பது சாதாரணம். அது உதிர வழியில்லையேல் தீயை மூடிவிடும். இவ்விரண்டு காரியங்களையும் செய்வது கிராதியே.

கிராதி செய்யும் முறை

உள்ளூர்க் கொல்லரைக் கொண்டே இதைச் செய்துகொள்ளலாம். அரை அங்குலக் கனமும் இரண்டரை அங்குல அகலமும் உள்ள இரும்புப் பட்டைகளை, அகலம் மேல்கீழாக நிற்குமாறு, வரிசையாக நிறுத்த வேண்டும். படுக்க வைத்த பட்டை சூட்டில் தொய்ந்துவிடும். பட்டைகளுக்கு இடையே அரை அங்குலச் சந்து இருக்கட்டும். 1961-ஆம் ஆண்டு முதல் வெட்டப்படும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் சாம்பல் குறைவு. ஆனால் ஏறக்குறையப் பாதி ஈரம். உலரும்போது அது பொடிந்துவிடுமாதலால் அதற்குக் கால் அங்குலச் சந்தே தகும்.

பட்டைகளின் இரு முனைகளையும் செங்கல் மேடைகளில் தளர்வாக வைக்க வேண்டும், பற்றவைத்து இறுக்கலாகாது. 3 அடிப் பட்டை செங்கனல் சூட்டில் ஏறக்குறையக் கால் அங்குலம் நீளும். நீள இடமில்லையேல் வளைந்துவிடும், அல்லது சுவரைத் தள்ளும். தனித்தனியாக இருப்பின் கெட்டுப்போன பட்டையை மட்டும் மாற்றலாம். துத்தநாகம் பூசிய குழாய்களை ஒருபோதும் உபயோகிக்கக் கூடாது. அவற்றின் புகை தீங்கானது.

கிராதியின் கீழ் ஒன்றரை அடி ஆழச் சாம்பற்குழி வெட்டி, அதன் வாய்க்குத் தகட்டுக் கதவு போட வேண்டும். காற்றைக் கூட்டவும் குறைக்கவும் இக்கதவே கருவி. அடுப்பின் தரை முழுவதும் கிராதி பரப்ப வேண்டுவதில்லை. கரி மூடாத சந்து வழியே குளிர்காற்று புகுந்து சூட்டைக் கொண்டுபோய்விடும்.

எரிக்கும் முறை

முதலில் விறகால் நல்ல கனல் உண்டாக்கி, பிறகு கரியைச் சிறிது சிறிதாகப் பரப்பி, நாலைந்து அங்குலக் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுப்பு வாயை மூடி வைத்து, கரி போடும்போது மட்டும் திறக்க வேண்டும். சாம்பலைக் கொக்கிக் கம்பியால் கீழிருந்து அசைத்து உதிர்ப்பது நலம். மேலிருந்து கிளறினால் கிட்டம் கட்டும். சாம்பற்குழி நிறைய விடலாகாது. கீழிருந்து வரும் காற்றே பட்டைகளைக் குளிர்விக்கிறது; அது நின்றால் இரும்பு தளர்ந்து தொய்யும்.

பாகு பதம் நெருங்கும்போது மிகுந்த ஜாக்கிரதை தேவை. விறகை வெளியே இழுத்துத் தீயை உடனே தணிக்கலாம்; நிலக்கரிக் கனலோ அவ்வாறு தணியாது. ஆகையால் பதத்துக்குச் சற்று முன்னரே புதுக் கரி போடுவதை நிறுத்திச் சாம்பற்குழிக் கதவைச் சாத்திவிட வேண்டும். இதை மறந்தால் ஒரு கொப்பரைப் பாகும் தீய்ந்து நஷ்டமாகும்.

உயிருக்கு ஆபத்து

குறைந்த காற்றில் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு எழுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பனிக்காலத்தில் அடுப்புக் கொட்டகையை அடைத்துக்கொண்டு ஆட்கள் உள்ளே உறங்குவதை அறவே தடுக்க வேண்டும். கனலைச் சட்டியில் அள்ளி வீட்டுக்குள் வைப்பதும் கூடாது.

நிலக்கரிச் சாம்பல் விறகுச் சாம்பலைப் போல் சாம்பற்சத்து தரும் எருவன்று. அதை எருக்குழியில் சேர்க்காமல், கிணறுகளுக்கு எட்டத்தில் பள்ளம் தூர்க்க உபயோகிக்கலாம்.

சக்கையை மழைக்கு முன்பே போராக்கி மூடிவைப்பவருக்கு நிலக்கரியின் தேவை சொற்பமே. தேவைப்படுவோர் முதலில் கிராதியை அமைத்துக்கொண்டு, பின்னரே கரி வாங்குவது சிக்கனம். கிராம அதிகாரிகள் ஊருக்கு ஓர் அடுப்பையேனும் இவ்வாறு திருத்தி அமைக்கச் செய்தால், மற்றவர்கள் கண்ணால் கண்டு பின்பற்றுவார்கள்.