ஒரு சொட்டு ரத்தம் சொல்லும் சேதி
மூளை ஆபரேஷனுக்கு முன் டாக்டர் கேட்கும் கேள்வி!

காய்கறி நறுக்கும்போது கத்தி விரலில் பட்டுவிடுகிறது. ரத்தம் கசிகிறது. விரலை அழுத்திப் பிடிக்கிறோம். சில நிமிஷங்களில் ரத்தம் நின்றுவிடுகிறது.

இது மிகச் சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் இந்தச் சாதாரண விஷயம் நடக்கவில்லை என்றால், உலகத்தில் எந்த டாக்டரும் துணிந்து கத்தியைக் கையில் எடுக்க முடியாது!

உடலுக்குள் தண்ணீர் போல ஓடுகிற ரத்தம், காயம் பட்ட இடத்தில் மட்டும் கூழ் போலக் கெட்டியாகிறது. இதைத்தான் "ரத்தம் உறைதல்" என்கிறார்கள். முதலில், ரத்தத்தில் மிதக்கும் நுண்ணிய தட்டணுக்கள் ஓடி வந்து காயத்தின் வாயை அடைக்கின்றன. பிறகு, ரத்தத்தில் கரைந்திருக்கும் சில புரதங்கள் நூல் நூலாகத் திரிந்து, வலை போலப் பின்னி, அந்த அடைப்பை இறுக்குகின்றன.

மூளையில் மட்டும் ஏன் இத்தனை அபாயம்?

கையிலோ காலிலோ ரத்தம் வந்தால் துணியை வைத்து இறுக்கிக் கட்டலாம். மூளையை அப்படிக் கட்ட முடியுமா? அது வெண்ணெய் போல மிருதுவானது. அதைச் சுற்றி இருப்பதோ மண்டை ஓடு என்னும் எலும்புப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் காலி இடம் கிடையாது.

தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் தேங்கினால், அது மூளையை நசுக்கத் தொடங்கும். தலை வலிக்கும், வாந்தி வரும், நினைவு தப்பும், கடைசியில் மூச்சும் நின்றுவிடலாம். உடனே மண்டை ஓட்டைத் திறந்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

ஆனால் நோயாளியின் ரத்தம் உறையாத ரத்தமாக இருந்தால்? திறந்த இடமெல்லாம் கசியும். திறக்காவிட்டாலும் ஆபத்து, திறந்தாலும் ஆபத்து! டாக்டரின் நிலைமை இருதலைக் கொள்ளி எறும்புதான்.

மூளை ரண சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்க டாக்டர் ஹார்வி குஷிங். மூளையின் ரத்தக் குழாய்களை நெரித்துப் பிடிக்க, 1911-ஆம் ஆண்டில் சின்னஞ்சிறு வெள்ளிக் கிளிப்புகளை அறிமுகப்படுத்தியவர் அவர். 1926-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் ரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்தும் முறையையும் கையாண்டார். ஆனால் மயிரிழை போன்ற குழாய்கள் ஆயிரக்கணக்கில் உண்டே! அவற்றை அடைக்க ரத்தம் தானாக உறைந்தால்தான் உண்டு.

மாடு சொன்ன ரகசியம்

சிலருக்கு ரத்தம் ஏன் சரியாக உறைவதில்லை? ஈரல் கெட்டிருக்கலாம். பிறவிக் குறை இருக்கலாம். ஆனால் இன்று டாக்டர்கள் அடிக்கடி காணும் காரணம் ஒரு மாத்திரை! அந்த மாத்திரையின் கதை மாட்டுக் கொட்டகையில் தொடங்குகிறது.

1920-களில் வட அமெரிக்காவில் மாடுகள் ரத்தம் கசிந்து சாகத் தொடங்கின. "ஸ்வீட் குளோவர்" என்னும் தீவனச் செடி ஈரத்தில் கெட்டுப் பூசணம் பிடித்த பிறகு, அதைத் தின்ற மாடுகளுக்குத்தான் இந்தக் கதி.

1933-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். கடும் பனிப் புயல். விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த குடியானவர் ஒருவர் லாரியை ஓட்டிக்கொண்டு மாடிசன் நகரத்துக்கு வந்தார். லாரியில் செத்துப்போன ஒரு கிடேரி. கெட்டுப்போன தீவனம். ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம்!

அவர் வந்து சேர்ந்தது கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சிச் சாலைக்கு. அந்த விஷம் எது என்று லிங்கும் அவரது சகாக்களும் ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 1939-ஆம் ஆண்டில் அதைப் பிரித்தெடுத்தார்கள்.

அதே இனத்தைச் சேர்ந்த "வார்பரின்" 1948-ஆம் ஆண்டில் எலி பாஷாணமாகக் கடைக்கு வந்தது. 1954-ஆம் ஆண்டில் அதுவே மனிதருக்கு மருந்தாயிற்று! மறு ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் இந்த மருந்து கொடுக்கப்பட்டது.

எலியைக் கொன்ற பொருள் மனிதரைக் காப்பது எப்படி? வேண்டாத இடத்தில் ரத்தம் உறைந்தால் அதுவும் எமன்தான். இதயத்தில் உறைந்த கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம் வரும். ஆகவே இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள் ஆகியோரில் பலர் இத்தகைய மருந்தை அளவோடு சாப்பிடுகிறார்கள். ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை ஈரல் தயாரிக்க வைட்டமின் 'கே' தேவை. அந்த வேலையை வார்பரின் மட்டுப்படுத்துகிறது.

முயல் மூளையும் ஒரு கடிகாரமும்

ரத்தம் உறையுமா என்று கண்டுபிடிப்பது எப்படி? 1935-ஆம் ஆண்டில் ஆர்மண்ட் குயிக் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு வழி சொன்னார். ரத்தத்தின் தெளிந்த நீரை எடுத்து, அதில் முயல் மூளையிலிருந்து தயாரித்த சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் கலப்பார். எத்தனை விநாடியில் உறைகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

நல்ல சோதனைதான். ஆனால் ஆராய்ச்சிச் சாலைக்கு ஆராய்ச்சிச் சாலை கணக்கு வேறுபட்டது. 1983-ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் எல்லோருக்கும் பொதுவான ஓர் எண்ணை ஏற்றுக்கொண்டது. அதுதான் "ஐ.என்.ஆர்." என்பது. சாதாரண மனிதருக்கு இந்த எண் சுமார் 1. வார்பரின் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை இருக்கும்படி டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூளை ஆபரேஷன் என்றால் பொதுவாக ஒன்றரைக்குக் கீழே இறங்க வேண்டும்.

கட்டிலருகே வந்த கருவி

ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிச் சாலையில் இந்தச் சோதனைக்கு நேரம் பிடிக்கும். ரத்தத்தை எடுத்து அனுப்ப வேண்டும். சுழற்றித் தெளிய வைக்க வேண்டும். பிறகு சோதிக்க வேண்டும். அரை மணி, ஒரு மணி ஓடிவிடும். மூளை நசுங்கிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அரை மணி என்பது அரை யுகம்!

இப்போது கைக்கு அடக்கமான ஒரு கருவி வந்திருக்கிறது. நோயாளியின் விரல் நுனியில் சிறு ஊசியால் குத்துகிறார்கள். கருவிக்குள் செருகிய சிறு பட்டையில் ஒரு சொட்டு ரத்தத்தை வைக்கிறார்கள். ஓரிரு நிமிஷத்தில் எண் தெரிந்துவிடுகிறது! குயிக் கண்ணாடிக் குழாயில் செய்த சோதனைதான் இந்தப் பட்டைக்குள்ளும் நடக்கிறது.

எண் அதிகமாக இருந்தால் மாற்று மருந்து உண்டு. வைட்டமின் 'கே' ஊசி போடுவார்கள். ஆனால் அது முழுப் பலன் தரப் பல மணி நேரமாகும். ஆகவே அதோடு, உறைய வைக்கும் புரதங்களைச் செறிவாகச் சேர்த்த மருந்தையும் நரம்பில் ஏற்றுவார்கள். அரை மணிக்குள் அது வேலை செய்யும். உடனே இன்னொரு சொட்டு ரத்தம், இன்னொரு சோதனை. எண் இறங்கிவிட்டதா? கத்தியை எடுக்கலாம்!

ரத்தக் கட்டியின் பலத்தைக் கோடு வரைந்து காட்டும் வேறொரு கருவியும் உண்டு. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஹெல்முட் ஹார்ட்டர்ட் என்பவர் 1948-ஆம் ஆண்டில் கண்டுபிடித்த முறை அது. இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் அறைக்கு அருகிலேயே அதை வைத்துக்கொள்கிறார்கள்.

கருவிக்குத் தெரியாதது

அப்படியானால் கவலை விட்டதா? இல்லை! இங்கேதான் வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையைத் தடுப்பவை. விரல் நுனிச் சோதனையில் அது தெரியாது. டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் என்று புதிய மாத்திரைகளும் வந்துள்ளன. அவற்றின் பலத்தையும் இந்த எண் சரியாகக் காட்டாது. எண் 1 என்று கருவி காட்டலாம்; உள்ளே ரத்தம் சரியாக உறையாமல் இருக்கலாம்! அதனால்தான் விரல் சோதனை செய்த பிறகும் டாக்டர்கள் ஆராய்ச்சிச் சாலைக்கும் ரத்தம் அனுப்புகிறார்கள்.

மாற்று மருந்தும் ஒவ்வொன்றுக்கும் வேறு. வார்பரினுக்கு வைட்டமின் 'கே' உதவும். டாபிகாட்ரானுக்கு அது உதவாது. அதற்கென்றே தனி மாற்று மருந்து 2015-ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. எந்தப் பூட்டு என்று தெரிந்தால்தானே சாவியைத் தேட முடியும்?

நினைவிழந்து கிடக்கும் தாத்தா, தாம் சாப்பிடும் மாத்திரையின் பெயரைச் சொல்ல முடியாது. "ஏதோ இதய மாத்திரை, காலையில் ஒன்று" என்று மகன் சொன்னால் டாக்டருக்கு என்ன விளங்கும்?

ஆகவே மூன்று விஷயங்களை மறக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களின் மருந்துச் சீட்டை, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள். அவர்களுக்குத் தலையில் அடிபட்டால், "நன்றாகத்தானே பேசுகிறார்" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ரத்தம் மெதுவாகக் கசிந்து, பல மணி நேரம் கழித்தும் மயக்கம் வரலாம்.

இதைப் படித்துவிட்டுப் பயந்து யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் பக்கவாதம் வரக்கூடும். நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டரின் பொறுப்பு.

ஒரு சொட்டு ரத்தம் பாதிச் சேதியைத்தான் சொல்லும். மீதிச் சேதியை வீட்டார் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் உயிர் பிழைக்கும்!